நூல் கோக்காத ஊசி

நீங்கள் அனுப்பிவைத்த குறும்படத்தை இரண்டு தடவை பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு, கைப்பேசியிலேயே எடுத்து, கைப்பேசியிலேயே வெட்டி ஒட்டி, இவ்வளவு சுத்தமாகச் செய்துவிடுகிறீர்களே என்று உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. பாராட்டு முடிந்தது, இனித் திட்டலாம். இருபத்திரண்டு நிமிடப் படத்தில் பேய் பதினொரு தடவை வருகிறது. மூன்றாவது தடவையிலேயே அது எனக்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. ஏழாவது தடவை வந்தபோது காப்பி குடிக்கிறாயா என்று கேட்கத் தோன்றியது.

பேயை எப்படிக் காட்டுவது, உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் அனுபவம் பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. தச்சநல்லூரில் ஒரு மாடியில் இயங்கிய உள்ளூர் கேபிள் சேனலில் வேலை பார்த்தவன் நான். கல்யாண வாழ்த்து, தேரோட்டம், நல்லெண்ணெய் விளம்பரம் என்று எல்லாவற்றையும் செய்தேன். அதற்கு நடுவில் நாலு வருடம், சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு அரைமணி நேர அமானுஷ்யக் கதை ஒன்றை எழுதி இயக்கினேன். அதற்கு நாங்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊர் அதைச் சனிக்கிழமைக் கதை என்றுதான் சொன்னது. இப்போதும் சந்திப்புப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது யாராவது பக்கத்தில் வந்து, "நீங்க சனிக்கிழமைக் கதை அண்ணாச்சிதான?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, மறந்துபோன ஏதோ ஒரு கதையின் முடிவு என்னவென்று விசாரிக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதைகள் அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்தான்.

முதல் கதையில் நானும் உங்களைப்போலப் பேயைக் காட்டினேன். மணிமுத்தாறு அணைப் பக்கம் போய், எங்கள் அலுவலகக் கணக்கர் முகத்தில் அரைக்கிலோ முகப்பவுடரைக் கொட்டி, வேட்டியைத் தலையில் சுற்றி, பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வரச் சொன்னேன். அது ஒளிபரப்பான மறுநாள் அவர் டீக்கடைக்குப் போனால் ஆளாளுக்குப் பவுடர் வாங்கிக் கொடுத்தார்கள். அதோடு பேயை நிறுத்திவிட்டேன். கதவு திறந்திருக்கும், யாரும் வரமாட்டார்கள். ஆழ்வார்திருநகரி ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி கிடக்கும், எடுக்க ஆள் இருக்காது. மீதியைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். அவர்கள் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அதில்தான் பின்னால் எனக்கு ஆப்பும் வந்தது.

மூன்றாவது வருடம் ஒரு கதைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். மேலப்பாளையத்தில் ஒரு தெருவில் தையல் வகுப்பு நடத்திவந்த டீச்சர் ஒருவர் தன் வீட்டைத் தருவதாகச் சொன்னார். நாற்பது வயது இருக்கும். கணவர் சவூதியில். முன்கூடத்தில் காலால் மிதிக்கிற தையல் மிஷின்கள் ஆறு போட்டு, பதினாலு பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். விடுமுறை நாளில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். அந்த ஆறு மிஷினும் வரிசையாக, மூடி போடாமல், ஆளில்லாமல் நின்றதைப் பார்த்ததும் கதை வந்துவிட்டது.

கதை இதுதான். ஒரு சின்னக் குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவருகிறது. அப்பா, அம்மா, ஐந்து வயதுப் பெண்குழந்தை. வீட்டில் ஒரு பழைய தையல் மிஷின் இருக்கிறது. உச்சிப்பொழுதில் அது தானாக ஓடுகிறது. ஓடி முடித்ததும் அதன் மேல் ஒரு கவுன் கிடக்கிறது, குழந்தைக்கு அளவெடுத்தது மாதிரி. மறுநாளும் ஓடுகிறது. இந்தத் தடவை கவுன் கொஞ்சம் பெரிது, ஆறு வயதுக்கு ஆகும். அடுத்த நாள் ஏழு வயதுக்கு. அம்மாவுக்குப் பயம் போய்ப் பெருமை வருகிறது, கவுன்களை வரிசையாகக் கொடியில் தொங்கவிடுகிறாள். ஒன்பது வயதுக் கவுன் வந்த மறுநாள், உச்சிப்பொழுதில், மிஷின் ஓடவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

மிஷின் தானாக ஓட என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எங்கள் கேமராக்காரர் மேஜைக்கு அடியில் படுத்து மிதியைக் கையால் ஆட்டினார், வேறு வித்தை இல்லை. துணி வைக்காமல் ஓட்டியதால் நூல் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் நான் நூலை உருவி எறிந்துவிட்டேன். ஊசியைக் கிட்டத்தில் காட்டும்போது நூல் இல்லாதது தெரியுமே என்றார் கேமராக்காரர். இதையெல்லாம் எவன் பார்க்கப்போகிறான் என்றேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சரி என்று மறுபடி மேஜைக்கு அடியில் போய்விட்டார்.

கதை ஒளிபரப்பானதும் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் அழைத்து, அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். முதலாளி எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் நான் தரையில் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலையில் டீச்சர் மாடிப்படி ஏறி வந்தார். வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நான் சண்டை போட வரல. பதினாலு பிள்ளைய வந்துச்சு, இப்ப மூணுதான் வருது. அந்த வீட்டு மிஷினு பிள்ளைய ஆயுச அளந்து தைக்குதுன்னு உம்மாமாரு பயந்து அடைச்சு வச்சிருக்காவ. பரிச்சைக்கு அஞ்சு வாரம் இருக்கு. இந்த வருசம் எழுதலன்னா அதுல பாதிப் பிள்ளையள அடுத்த வருசம் கட்டிக் குடுத்துருவாவ. பொறவு எங்க வந்து படிக்க?"

அரசாங்கத் தையல் பரீட்சையைச் சொன்னார். அதில் தேறினால் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். அந்தப் பெண்களில் பலருக்கு வீட்டைவிட்டு வெளியே வந்துபோக இருந்த ஒரே வழி அந்த வகுப்பு. அது என்னால் அடைபட்டிருந்தது. எனக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் டீச்சர் என்றேன். எப்படி என்று அவர் கேட்டார். நாளைக்கே மறுப்புப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள், நான் செய்ததில் பெரிய மடத்தனம் இதுதான். சேனலில் திரையின் அடியில் இரண்டு நாள் ஓயாமல் ஒரு வரி ஓடவிட்டேன். மேலப்பாளையத்தில் இன்ன தெருவில் சனிக்கிழமைக் கதை படமாக்கப்பட்ட தையல் வகுப்பு வீட்டில் எவ்வித அமானுஷ்யமும் இல்லை, பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் என்று. அதுவரை எந்த வீடு என்பது அந்தத் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். நான் விலாசம் போட்டு ஊர் முழுக்கத் தெரியவைத்தேன். ஒன்றும் இல்லாத வீட்டுக்கு எதற்குச் சேனல்காரன் இவ்வளவு மெனக்கெட்டு மறுப்புப் போடுகிறான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். வண்ணார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து அந்த வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயுளை அளக்கிற மிஷினைப் பற்றிக் கேட்டவனிடம் போய், அப்படி ஒன்றும் இல்லை என்றால் எடுபடுமா? அவன் கையில் இருப்பது கதை. என் கையில் இருந்தது வெறும் அறிவிப்பு.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் நானே மேலப்பாளையம் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் போனேன். கூடத்தில் டீச்சரும் மூன்று பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்று மிஷின் சும்மா கிடந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் அதட்டியும் நிற்கவில்லை. என்னம்மா என்று கேட்டேன். அதில் துடுக்கான ஒருத்தி சொன்னாள், "ஊசில நூலே இல்லியே மாமா, பொறவு எப்படிக் கவுனு தச்சுது? நாங்க எல்லாரும் அதப் பாத்துதான் சிரிச்சோம். எங்க உம்மாதான் அழுதாவ."

எனக்குச் சுரீர் என்றது. எவன் பார்க்கப்போகிறான் என்று நான் சொன்னதைப் பதினாலு பேர் பார்த்திருக்கிறார்கள். தையல் தெரிந்த அந்தப் பிள்ளைகள் பயப்படவே இல்லை. பயந்தது அம்மாக்கள். நூல் இல்லாத மிஷின் துணியில் ஓட்டைதான் போடும் என்று அந்தப் பிள்ளைகள் வீட்டில் எடுத்துச் சொல்லியும் யாரும் கேட்கவில்லையாம்.

டீச்சர் டீ கொண்டுவந்து வைத்தார். தான் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை என்று அப்போதுதான் சொன்னார். ரயில் நிலையப் பெட்டிக் கதையை வரி பிசகாமல் சொன்னார். தன் வகுப்பையே குலைத்த கதையைப் பற்றிக்கூட, நல்ல கதைதான் என்றார். சொல்லும்போது கொஞ்சம் கோபம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு பைய ஒன்று சொன்னார்.

"அந்த மிஷினு ஏன் நின்னுச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல. நீங்க சொல்லாததால ஊரு ஒண்ணு சொல்லுது. நூலு தீந்துபோச்சு, அம்புட்டுதான்னு நீங்க சொல்லுங்களேன் அண்ணாச்சி. யாராவது கோத்துவிட்டா ஓடிட்டுப் போவுது."

என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி மாதிரி யாரும் சொன்னதில்லை. என் கவனக்குறைவால் படத்தில் ஏறிவிட்ட பிழை, அவர் வாயில் கதையின் முடிச்சாகிவிட்டது. மிஷின் ஏன் தானாக ஓடுகிறது என்பதை விளக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நின்றுபோனதை ஒரு மனிதக் கை மறுபடி ஓடவைக்க முடியும் என்று காட்டினால் போதும். அவமானமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டேன்.

இரண்டாம் பாகம் என்றதும் முதலாளி துள்ளிக் குதித்தார். விளம்பரக்காரர்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் நூல் கோக்கிற கைகளுக்கு அந்த மூன்று பெண்களைத்தான் கேட்டேன், ஏனென்றால் நடிகைகள் நூல் கோத்தால் அந்தப் பதினாலு பேரும் மறுபடி சிரிப்பார்கள். டீச்சர் அவர்களுடைய அம்மாக்களிடம் பேசினார். பட்டப்பகலில்தான் எடுக்க வேண்டும், அம்மாக்கள் கூடவே இருப்பார்கள், முகம் வரவே கூடாது என்று முடிவானது. முகம் இல்லாமல் என்னத்தை எடுப்பது என்று நான் தலையைச் சொறிந்தேன். கேமராக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. முகம்னா நடிக்கும். கைக்கு நடிக்கத் தெரியாது" என்றார்.

அப்படியே எடுத்தோம். நின்றுபோன மிஷினின் முன்னால் அம்மா மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. அப்போதுதான் அவள் கண்ணில் அந்த ஊசி படுகிறது. நூல் இல்லை. அவள் எத்தனை தடவை முயன்றும் கோக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிறாள். மூன்று ஜோடிக் கைகள் வருகின்றன. முதல் கை நூல் நுனியை முறுக்கிக் கோக்கிறது, நூல் விலகிப்போகிறது. இரண்டாவது கை எச்சில் தொட்டுக் கோக்கிறது, மறுபடி விலகுகிறது. ஒரே ஷாட், வெட்டே இல்லை, இசை இல்லை, திரை முழுக்க ஊசிக்காதும் நூல் நுனியும் மட்டும். மூன்றாவது கை கோத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிதி தானாக ஆடுகிறது. பத்து வயதுக் கவுன் வருகிறது, பதினொன்று, பன்னிரண்டு, கொடி நிறைந்துபோகிறது. கடைசியில் வளர்ந்த பெண்ணுக்கான சுடிதார் ஒன்று பாதி தைத்தபடி நிற்கிறது. அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, தன் காலால் மிதித்து, மீதியைத் தானே தைக்கிறாள்.

மறுவாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளிக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "என்னவே இது? பேய்க்கதைன்னு சொல்லிட்டு ஊசில நூல் கோத்துக் காட்டுதீரு. கடைசில பின்னாலேருந்து நகம் வளந்த ஒரு கையி வந்து அந்தப் பிள்ள தோள்ல விழணும்வே" என்றார். அப்படிப்பட்ட கை ஒன்று எங்கள் கணினியில் தயாராகவே இருந்தது. ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

அந்தக் கையை ஒட்டினால் வராமல் நின்ற பதினொரு பிள்ளைகளுக்கும் அந்த வீட்டுக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். மூன்று பேரும்கூட வரமாட்டார்கள். கையை ஒட்டுவதென்றால் அடுத்த சனிக்கிழமைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வேறு வேலை எதுவும் எனக்குத் தெரியாது. முதலாளியும் சூடாகிவிட்டார், போறதுன்னா போவும் என்றார். ஒளிபரப்பு அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அப்போது கேமராக்காரர், சுவரில் சாய்ந்தபடி, சத்தமில்லாமல் பேசினார்.

"முதலாளி, அந்தப் பிள்ள நூல் கோக்கையில நீங்க மூச்சு விடல. நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

முதலாளி அவரை முறைத்தார். அப்புறம் இன்னொரு தடவை அந்த இடத்தை மட்டும் போடச் சொன்னார். இரண்டாவது தடவையும் நூல் விலகியபோது அவருடைய வலதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்து, எதையோ பிடிப்பது மாதிரி நின்றன. அதை அவரே பார்த்துவிட்டார். போட்டுத் தொலையுங்கவே என்று எழுந்து போனார்.

நான் அலுவலகத்தில் இருக்கவில்லை. மேலப்பாளையம் பஜாரில் டிவி வைத்திருந்த ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றேன். முப்பது நாற்பது ஆண்கள் நின்று பார்த்தார்கள். அப்போதெல்லாம் யாருக்கும் என் முகம் தெரியாது. ஊசி திரையில் வந்ததும் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். முதல் தடவை நூல் விலகியபோது ஒரு முனகல் எழுந்தது. இரண்டாவது தடவை விலகியபோது என் முன்னால் நின்ற பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நூல் உள்ளே போனது. "கோத்துட்டா" என்று ஒருவர் சொன்னார். அதே வார்த்தை பக்கத்து வீடுகளின் சன்னல்களிலிருந்தும் பெண்குரல்களில் வந்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. பேயைக் கண்டு பயந்த ஊர், ஒரு பெண்பிள்ளை நூல் கோத்ததற்கு நிம்மதி மூச்சு விட்டது.

பரீட்சை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். பதினாலு பேரும் எழுதினார்கள். பதினாலு பேரும் தேறினார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாகம் வந்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் நானும் கேமராக்காரரும் அந்த வீட்டுக்குப் போனோம். கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டுதான் போனோம், மூன்றாம் பாகத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்ற பேராசை. வாசலில் செருப்பை விட இடம் இல்லை. பிள்ளைகளை அடைத்து வைத்த அம்மாக்களே அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், தன் மகள் இரண்டு நாளாகச் சோறு தின்னவில்லை என்று எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். டிவியில் வந்த கை தன் கையாக இருந்திருக்க வேண்டும், நீதான் அடைத்துப்போட்டுக் கெடுத்தாய் என்று தாயோடு சண்டையாம். தைக்கவே தெரியாத புதுப் பிள்ளைகள் ஆறேழு பேரும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் அந்த மிஷினில் ஒரு தடவையாவது நூல் கோத்துப் பார்க்க வேண்டும். டீச்சர் அவர்களை வரிசையில் நிற்கவைத்திருந்தார். பயந்து ஓடிய அதே மிஷினின் முன்னால் அம்மாக்கள் மகள்களை முன்னே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கதை எங்கே முடிகிறது என்று நாம்தான் முடிவுசெய்கிறோம் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது நம் கையில் இல்லை. நாம் விடுகிற இடத்தைப் பார்க்கிறவன் நிரப்புவான், பயத்தால் நிரப்புவான், அல்லது அந்தப் பிள்ளைகள் மாதிரி சிரித்து நிரப்புவான். அவன் நிரப்பியது ஒருத்தி வீட்டுக் கதவை அடைத்துவிட்டால், மறுப்பு எழுதாதீர்கள். திரும்பப் போய் இன்னும் நல்ல கதையாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியம் இது ஒன்றுதான்.

கூட்டத்தை விலக்கி உள்ளே போகப் பார்த்தோம். டீச்சர் கழுத்தில் அளவுநாடாவோடு வாசலுக்கு வந்தார். முகம் வியர்த்திருந்தது. நான் கேமராவைக் காட்டி, டீச்சர், ஒரு அரைமணி நேரம் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. பரிச்சைக்கு மூணு வாரங்கூட இல்ல. உள்ள கால் வைக்க எடமில்ல. பரிச்ச முடியட்டும், பொறவு வாங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இருபது வருடத் தொழிலில் என்னை யாரும் அவ்வளவு சந்தோஷமாக வெளியே அனுப்பியதில்லை. கேமராக்காரர் கேமராவைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கதவில் காதை வைத்தார். நானும் வைத்தேன். உள்ளே ஆறு மிஷினும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.